முதுகு காட்டும் படங்கள்

எங்கள் ஈசூன் வீட்டில் தைத்த படங்கள் பதினொன்று சட்டம் போட்டுத் தொங்குகின்றன. அவற்றில் ஏழு, வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். போன தீபாவளிக்கு வந்த பெரியம்மா செருப்பைக் கழற்றும்போதே கண்டுபிடித்துவிட்டார். “தம்பி, படமெல்லாம் திரும்பிக் கெடக்கு பாரு.” அப்படித்தான் மாட்டியிருக்கிறேன் பெரியம்மா என்றதும் அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். பையனுக்கு இருபத்தெட்டு ஆகிறது, காலாகாலத்தில் ஒரு கல்யாணத்தைப் பண்ணியிருக்கலாம் இல்லையா என்று அதற்குப் பொருள்.

நீடில்பாயிண்ட் என்பார்கள். விறைப்பான கேன்வாஸ், சல்லடை மாதிரி சதுரக் கண்கள். கம்பளி நூலைக் கோத்து ஒவ்வொரு கண்ணாக நிரப்பிக்கொண்டே போகவேண்டும். முடிக்கும்போது அடித்துணி ஓர் இடத்திலும் தெரியக்கூடாது. நம் அம்மாக்கள் மேட்டித் துணியில் போட்ட கிராஸ் ஸ்டிச்சுக்கு இது அக்கா முறை. அதில் ஒவ்வொரு தையலும் ஒரு பெருக்கல் குறி, இதில் பாதிக் குறி, ஒரே ஒரு சாய்ந்த கோடு. 1800களின் தொடக்கத்தில் பெர்லின் நகரத்து அச்சகங்கள், கட்டம் போட்ட தாளில் கையால் வண்ணம் தீட்டிய மாதிரிகளை விற்க ஆரம்பித்தன. ஒரு கட்டம் ஒரு தையல். பிக்சல் என்ற சொல் பிறப்பதற்கு நூற்றைம்பது வருஷம் முன்னால் பிக்சல். அந்தத் தாள்கள் ஐரோப்பா முழுக்கப் போயின, பிறகு கப்பலேறி உலகம் முழுக்கப் போயின. பின்னாளில் கேன்வாஸ் மேலேயே படத்தை அச்சடித்து, நூலும் ஊசியும் சேர்த்துப் பெட்டியில் போட்டு விற்றார்கள். ஓடை, ஓடைக்கரையில் ஓட்டு வீடு, அன்னப்பறவை, நீலச் சட்டைப் பையன், கடைசி இராவுணவு.

பகலில் எனக்குப் பிழைப்பும் கட்டங்கள்தான். நன்யாங்கில் மின்னியல் படித்துவிட்டு உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு குறைகடத்தித் தொழிற்சாலையில் வேஃபர்களில் குறை தேடும் வேலை. எந்தக் கட்டம் பழுது, ஏன் பழுது, எந்த இயந்திரத்தில் பழுதானது. வேஃபரில் குறை கண்டால் அதைத் தூக்கிப் போடுவோம். தையலில் குறை கண்டால் நான் வீட்டுக்குத் தூக்கி வருகிறேன்.

ஆரம்பித்தது 2017இல், சுங்கை ரோட்டில். அப்போது நான் தேசிய சேவையில் இருந்தேன். சனிக்கிழமை முகாமிலிருந்து வெளியே விட்டால் தேக்காவில் ஒரு பிரியாணி, பிறகு பொடிநடையாக ஜாலான் புசார் பக்கம் போய் அந்தச் சந்தையில் ஒரு சுற்று. 1930களிலிருந்து இருந்த பழைய பொருள் சந்தை அது. திருட்டுச் சந்தை என்று செல்லப்பெயர். தரையில் விரித்த தார்ப்பாயில் ஓடாத கைக்கடிகாரம், ஒற்றைக்கால் ஷூ, யாரோ ஒருவருடைய கல்யாண ஆல்பம். அந்த வருஷம் ஜூலை 10ஆம் தேதி மூடப்போகிறார்கள் என்று அறிவித்துவிட்டதால் கடைசி வாரங்களில் கேமராவும் கையுமாகக் கூட்டம். எல்லாரும் படம் எடுத்தார்கள், வாங்கியவர்கள் குறைவு. நான் நாலு வெள்ளிக்கு ஓட்டு வீடு தைத்த படம் ஒன்றை வாங்கினேன். சட்டத்துக்காகத்தான். நல்ல தேக்குச் சட்டம், நண்பன் ஒருவனுக்குப் படம் மாட்டிக் கொடுக்கலாம் என்று திட்டம்.

வீட்டுக்கு வந்து பின்னால் ஒட்டியிருந்த பழுப்புத் தாளைக் கிழித்தேன். உள்ளே வேறொரு படம் இருந்தது.

முன்பக்கத்தில் எல்லாமே வெயில் குடித்து டீத்தண்ணி நிறமாகியிருந்தன. பின்பக்கத்தில் வெளிச்சமே பட்டதில்லை. கூரை ரத்தச் சிவப்பு, புல் கிளிப்பச்சை. ஓடையில் நாலு வகை நீலம் இருந்திருக்கிறது, முன்னால் ஒன்றுதான் தெரிந்தது. அந்த வண்ணங்களுக்கு நடுவே முடிச்சுகள், வெட்டாமல் விட்ட வால்கள், ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குச் சோம்பலாகத் தாண்டிய நூல்கள். வானத்தின் ஒரு மூலையில் நீலம் தீர்ந்துபோய்ச் சாம்பலை வைத்துச் சமாளித்திருந்தார். முன்னால் அது மேகம் மாதிரி தெரியும். பின்னால் பார்த்தால்தான் தெரியும், மேகம் இல்லை, பற்றாக்குறை.

அந்தப் படத்தை எத்தனையோ பேர் தைத்திருப்பார்கள். அதே வீடு, அதே ஓடை. முன்பக்கம் பெட்டியில் போட்டு விற்ற கம்பெனியுடையது. அந்தப் பெண்மணியுடையது என்று சொல்ல ஏதாவது இருந்தால் அது பின்னால்தான் இருந்தது. அதைத் தாள் ஒட்டி மறைத்துவிட்டார்கள். இந்த எண்ணம் வந்தபிறகு நண்பனுக்குச் சட்டம் கிடைக்கவில்லை.

பின்பக்கத்தைப் படிக்கப் பழகுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அந்தச் சாய்ந்த கோட்டைப் போட மூன்று வழிகள் உண்டு. முன்னாலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றே, பூதக்கண்ணாடி வைத்தாலும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். பின்னால் திருப்பினால் மூன்றும் மூன்று விதம். அரைக் குறுக்குத் தையல் போட்டவருடைய பின்பக்கத்தில் குட்டிக் குட்டியாக நெட்டுக்குத்துக் கோடுகள் மட்டும் இருக்கும், நூல் செலவு மிகக் குறைவு. கான்டினென்டல் என்ற முறையில் பின்னாலும் நீளமான சாய்கோடுகள் வரும், ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நூல் இழுக்கும், ஆனால் நாற்காலி மெத்தைக்குப் போட்டால் வருஷக்கணக்கில் தாங்கும். மூன்றாவது கூடைப்பின்னல். மூலைவாட்டில் ஏறி இறங்கித் தைப்பார்கள், பின்பக்கம் அசல் கூடை மாதிரியே இருக்கும். அதில்தான் கேன்வாஸ் கோணாமல் நிற்கும். மற்ற முறைகளில் எல்லாத் தையலும் ஒரே பக்கம் சாய்ந்து இழுப்பதால் தைத்து முடிக்கும்போது செவ்வகம் இணைகரமாகியிருக்கும். அதை ஈரப்படுத்தி, பலகையில் கட்டத்தாள் விரித்து, நான்கு பக்கமும் இழுத்து, துருப்பிடிக்காத ஊசி குத்திக் காயவிட வேண்டும். இரண்டு நாளில் காயும் என்று புத்தகங்களில் போட்டிருக்கும். சிங்கப்பூர்க் காற்றில் மின்விசிறி போட்டாலும் நாலு நாள்.

ஆக, படத்தைத் திருப்பிய அரை நிமிஷத்தில், தைத்தவர் நூலை எண்ணி எண்ணிச் செலவழித்தவரா, தாராளமா, பள்ளியில் முறையாகக் கற்றவரா, பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்துக் கற்றவரா என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஒரு படத்தில் எல்லாக் கோடுகளும் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. இடக்கைக்காரராக இருக்கவேண்டும். அவர் மேல் எனக்குத் தனிப் பிரியம், நானும் இடக்கை.

ஒருநாள் கணக்குப் போட்டேன். அங்குலத்துக்கு 12 கண்கள் உள்ள கேன்வாஸ். 16க்கு 12 அங்குலப் படம். 192ஐ 144ஆல் பெருக்கினால் 27,648 தையல். நிமிஷத்துக்குப் பத்து என்று தாராளமாக வைத்துக்கொண்டால்கூட 46 மணி நேரம். ஊசி கோக்கிற நேரம், எண்ணுகிற நேரம், பிரித்துத் திரும்பப் போடுகிற நேரம் எல்லாம் தனி. பாத்திரம் கழுவி, பிள்ளைகளைத் தூங்கவைத்து, ராத்திரி ஒரு மணி நேரம் கிடைத்தால் ஒன்றரை மாதத்துக்குமேல். அதைத்தான் கரூசெல் செயலியில் “பழைய ஃபிரேம், 5 வெள்ளி, வந்து எடுத்துக்கொள்ளவும்” என்று போடுகிறார்கள்.

போடுகிறவர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. பொங்கோல் எம்ஆர்டி நிலையத்தில் சீனப் பெண் ஒருவர் பையோடு வந்தார், என் வயதுதான் இருக்கும். மாமியார் தவறிவிட்டார், வீட்டைக் காலி செய்கிறோம் என்றார். ஒன்பது மீன், எட்டுக் குதிரை, பியோனிப் பூக்கள். ஒன்றுக்குத்தான் விலை பேசியிருந்தோம். “டேக் ஆல் லா,” என்று மூன்றையும் கையில் கொடுத்துவிட்டுக் காசு வாங்காமல் திரும்பி நடந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்ப வந்து, “குதிரை மட்டும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டுங்கள், அதற்குத்தான் அவர் ரொம்ப நாள் எடுத்தார்,” என்றார் ஆங்கிலத்தில்.

வீட்டில் அம்மா. கோபம் வந்தால் அம்மாவுக்கு முப்பது வருஷச் சிங்கப்பூர் உதிர்ந்து விக்கிரமசிங்கபுரம் வந்துவிடும். “ஏல, செத்தவ வீட்டுச் சாமானை எதுக்குல உள்ள கொண்டாருத?” அந்த மூன்றும் ஓர் இரவு முழுக்கத் தாழ்வாரத்தில் செருப்பு அலமாரி மேல் இருந்தன. மஞ்சள் தண்ணி தெளிக்கவேண்டும் என்றார், கறை போகாது அம்மா என்று கெஞ்சிச் சாம்பிராணியோடு நிறுத்தினேன். சாம்பிராணி வாடை கம்பளியில் ஏறினால் எளிதில் போவதில்லை. எட்டுக் குதிரையும் இன்றைக்கும் வெள்ளிக்கிழமை மணக்கின்றன.

பழைய தையல்களை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வெட்டுகிறார்கள். பை, பர்ஸ், தலையணை உறை, ஜாக்கெட்டின் முதுகு. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 46 மணி நேரத்தைக் குறுக்கே வெட்டி நாற்பது வெள்ளிக்கு விற்கிற கடையைப் பார்க்கும்போது எனக்குப் பல் கூசுகிறது. எனக்கென்று ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். பூஞ்சை அரித்தது, பூச்சி தின்றது, தண்ணீர் பட்டுச் சாயம் ஓடியது, இவற்றை மட்டும் வெட்டலாம். அதுவும் கெட்டுப்போன பகுதியை ஒட்டி.

அப்படி ஒன்றைத் தேக்கா சென்டர் மாடிக்கு எடுத்துப்போனேன். அங்கே வரிசையாகத் தையற்கடைகள். சேலைக்கு ஓரம் அடிக்கவும், பேண்ட் நீளம் குறைக்கவும் ஞாயிற்றுக்கிழமை நிற்க இடம் இருக்காது. ரோஜாக்கூடைப் படம், கீழே மூன்றில் ஒரு பங்கு கறையான் மாதிரி ஏதோ தின்றிருந்தது. மேல் பாதியைக் குஷன் உறையாக்கித் தாருங்கள் அண்ணே என்றேன். அவர் வாங்கியதும் செய்த முதல் காரியம், திருப்பிப் பார்த்ததுதான்.

“யாரு போட்டது தம்பி? வீட்ல அம்மாவா?”

“யாருன்னு தெரியாதுண்ணே. வாங்கினது.”

“யாருன்னே தெரியாம எப்படி வெட்டுறது?”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கத்தரிக்கோலை எடுக்குமுன் வெட்டவேண்டிய கோட்டை ஒட்டி இரண்டு வரிசை ஜிக்ஜாக் அடித்தார். இல்லாவிட்டால் கேன்வாஸ் இழை இழையாகப் பிரிந்து வந்துவிடும், தையல் மொத்தமும் உதிரும். கூலி வாங்கும்போது, அடுத்த தடவை வெட்டாத வேலையாகக் கொண்டுவா என்றார். அந்தக் குஷன் இப்போது என் மேசை நாற்காலியில் இருக்கிறது. அதன் அடிப்பக்கத் துணியை ஜிப் வைத்துத் திறக்கிற மாதிரி கேட்டு வாங்கினேன், ரோஜாவின் பின்பக்கத்தைத் தேவைப்பட்டால் பார்க்கலாம்.

வெட்டாமல் பின்பக்கத்தைக் காட்டவேண்டும் என்றால் இரண்டு கண்ணாடிக்கு நடுவே மாட்டவேண்டும். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் சட்டம் போடும் ஒரு சீனப் பெரியவரிடம் போனேன். “பேக் சைட்? யூ ஷுவர் ஆ?” என்று மூன்று முறை கேட்டார். அவருடைய தொழிலே பின்பக்கத்தை மறைப்பது. கடைசியில் நான் காகிதத்தில் வரைந்து காட்டினேன். கேன்வாஸைச் சுற்றிப் பருத்திப் பட்டை, பட்டையை உள்சட்டத்தில் இழுத்துக் கட்டுதல், கம்பளி கண்ணாடியைத் தொடாதபடி இரண்டு பக்கமும் 5 மில்லிமீட்டர் இடைவெளி. தொட்டால் ஈரம் கோத்துப் பூஞ்சை வரும். ஓரத்தில் சிலிக்கா ஜெல் வைக்க ஒரு பள்ளம். வரைபடத்தைப் பார்த்ததும் அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி பின்பக்கத்துக்குத்தான் முக்கியம், முன்பக்கம் ஏற்கெனவே செத்துவிட்டது என்று அவரே சொன்னார். சுவரில் ஒரு கீலை வைத்து மாட்டினால் கதவு மாதிரி திருப்பி இரண்டு பக்கமும் பார்க்கலாம். அந்தக் கீல் மட்டும் என் கண்டுபிடிப்பு.

இந்த ஊரில் தையல் பைத்தியம் பிடித்தவன் கட்டாயம் போகவேண்டிய இடம் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் உள்ள பெரனாக்கான் அரும்பொருளகம். 2023 பிப்ரவரியில் புதுப்பித்துத் திறந்த வாரமே போனேன். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பாசிமணிகளைக் கோத்த ஒரு மேசைவிரிப்பு அங்கே இருக்கிறது, பினாங்கில் செய்தது. நோன்யாக்கள் செருப்பின் மேல்பக்கத்துக்குப் போடும் மணிவேலையும் பல சமயம் கேன்வாஸ் மேல்தான். கம்பளி நூலுக்குப் பதில் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு மணி. பெர்லின் மாதிரிகளில் வந்த ஐரோப்பிய ரோஜாக்கள் சீன ஃபீனிக்ஸ் பறவைக்குப் பக்கத்தில் கூச்சமில்லாமல் பூத்திருக்கின்றன. மணியெல்லாம் இருக்கட்டும், எனக்கு வேண்டியது அடிப்பக்கம். குனிந்து, கழுத்தைத் திருப்பி, கண்ணாடிப்பெட்டிக்குக் கீழே ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். காவலர் பக்கத்தில் வந்து நின்றார்.

பின்பக்கத்தைப் பற்றிப் பேசும்போது சாங்கி மெத்தைவிரிப்புகளைச் சொல்லாமல் விடமுடியாது. 1942இல் ஜப்பானியர் சாங்கிச் சிறையில் அடைத்த ஐரோப்பியப் பெண்களுக்குக் கணவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதுகூடத் தெரியாது. சேதி அனுப்ப வழியில்லை. எத்தல் மல்வேனி என்ற கனடாக்காரர் ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கு ஒரு சதுரத் துணி, அதில் உன்னைப் பற்றி ஏதாவது தை, கீழே பேரைப் போடு. ஒரு விரிப்புக்கு 66 சதுரங்கள், மொத்தம் மூன்று விரிப்புகள். காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஒன்று, ஆஸ்திரேலிய வீரர்களுக்கு ஒன்று, ஜப்பானிய வீரர்களுக்கு ஒன்று. மூன்றாவதில்தான் சாமர்த்தியம். அது இருந்ததால் மற்ற இரண்டையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்தது. படுக்கையில் கிடந்தவர்கள் பேர்களைப் படித்தார்கள். இன்றைக்கு ஒன்று லண்டனில் செஞ்சிலுவைச் சங்கத்திடமும், இரண்டு கான்பெராவின் போர் நினைவகத்திலும் இருக்கின்றன. கான்பெராவில் இருப்பதன் பின்பக்கத்திலும் எழுத்து உண்டு. யாருக்காகச் செய்தது, போர் முடிந்ததும் யாரிடம் ஒப்படைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, இதை டிரை கிளீன் செய்வது நல்லது என்று ஒரு வரி. சிறைக்குள் சோற்றுக்கு வழியில்லை, சலவைக் குறிப்பு எழுதுகிறார்கள்! அந்த வரிக்காகவே எனக்கு அவர்களைப் பிடித்துப்போனது.

அங்கே கிட் கிடையாது, மாதிரி கிடையாது. அதனால் முன்பக்கமே அவரவருடையதாக இருந்தது. நான் வாங்குகிற படங்களுக்கு அந்த வாய்ப்பு இருந்ததில்லை.

தமிழ்ப் பெண்கள் கைக்கு இந்த மேல்நாட்டு ஊசிவேலை எப்படி வந்தது என்று தேடினால் வழியில் தெரிந்த முகம் ஒன்று எதிர்ப்படும். கால்டுவெல்லைத் தெரியாத தமிழ் வாசகர் இல்லை. 1856, ஒப்பிலக்கணம், மெரினாவில் சிலை. அவர் மனைவி எலைசா இடையன்குடிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தவர். எலைசாவின் அம்மா மார்த்தா மால்ட் அதற்கு முன்பே நாகர்கோவிலில் லேஸ் வேலையைத் தொடங்கியிருந்தார். தென்கோடிக் கிராமங்களில் அது தலைமுறைகளுக்குச் சோறு போட்டது. கணவரின் நூலுக்குப் பதிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. மனைவியின் நூலுக்குப் பதிப்பு கிடையாது. (சிலேடைக்கு மன்னிக்கவும், தமிழில் எழுதினால் இந்த இடத்தைத் தாண்டிப்போக முடியாது.)

ரோசிகா பார்க்கர் 1984இல் ‘தி சப்வெர்சிவ் ஸ்டிச்’ என்ற புத்தகத்தை எழுதினார். பெண்ணை அடக்கமாக உட்காரவைக்கப் பயன்பட்ட அதே ஊசி, அவள் மறுத்துப் பேசவும் பயன்பட்டது என்பது அவர் வாதம். படித்தபோது ஆமோதித்தேன். அம்மாவின் மயிலைச் சட்டத்திலிருந்து எடுத்த அன்றைக்கு அந்த ஆமோதிப்பு எனக்கு அவ்வளவாக உதவவில்லை.

அம்மாவின் மயில் மேட்டித் துணியில் போட்ட கிராஸ் ஸ்டிச். திராட்சைக் கொடியில் உட்கார்ந்திருக்கும். 1994இல் கல்யாணச் சீரோடு கப்பலில் இல்லை, பெட்டியில் மடித்து விமானத்தில் வந்தது. நான் பள்ளிக்கூடம் போகும்வரை கூடத்தில் தொங்கியது. வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது கழற்றியவர் திரும்ப மாட்டவில்லை. பழசா இருக்கு என்றார். படுக்கைக்கு அடியில் இருந்ததை எடுத்துத் தாளைக் கிழித்தேன்.

கழுத்தில் ஆரம்பித்த நீலம் தோகைக்கு இறங்கும்போது வேறு நீலமாகிறது. கழுத்தில் இரண்டிழை, தோகையின் கடைசி மூன்று விரற்கடைக்கு ஒற்றை இழை. மேலே முடிச்சே இல்லை. கீழே வர வர முடிச்சுகள், தாவல்கள்.

தாத்தா பாபநாசம் மலையடிவாரத்து நூல்மில்லில் வேலை பார்த்தவர். தாமிரபரணித் தண்ணீரில் ஓடுவதற்காக ஹார்வி சகோதரர்கள் 1880களில் கட்டியது. அதே ஹார்வி கம்பெனியின் தூத்துக்குடிக் கோரல் மில்லில்தான் 1908இல் வ.உ.சி. வேலைநிறுத்தம் நடத்திக் கூலி உயர்வு வாங்கிக் கொடுத்தார். பிறகு அது மதுரா கோட்ஸ் ஆனது. அம்மாக்கள் தேடித்தேடி வாங்கிய ஆங்கர் எம்பிராய்டரி நூல் அந்தக் கம்பெனி விற்றதுதான். நான் வெகுளியாகக் கேட்டேன். மில்லுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு எப்படிம்மா நூல் தீர்ந்துபோச்சு?

“நூலு மில்லுலல்லா இருந்துச்சு. வீட்லயா இருந்துச்சு?” என்றார் அம்மா.

ஒரு கண்ணி நூல் எட்டு மீட்டர், ஆறு இழை. பூ விற்ற காசில் மிச்சம் பிடித்து ஒவ்வொரு கண்ணியாக வாங்கியிருக்கிறார். கடைசியில் அந்த நம்பர் நீலம் அம்பாசமுத்திரத்துக் கடையில் இல்லை, பக்கத்து நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் கல்யாணத் தேதியும் முன்னால் நகர்ந்துவிட்டது. இருந்த இழைகளைப் பிரித்து ஒற்றையாக்கிப் பத்து நாளில் தோகையை முடித்திருக்கிறார். இதையெல்லாம் இருபத்தெட்டு வருஷத்தில் என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை, கேட்பதற்கு முன்பக்கத்தில் எதுவும் இல்லை.

இதை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் போட்டுக் கூடத்தில் மாட்டுகிறேன் அம்மா, பின்பக்கம் தெரியிற மாதிரி என்றேன். அவர் முகம் மாறியது.

“என் மானத்தை வாங்காத.”

அப்புறம்தான் சொன்னார். பள்ளியில் தையல் டீச்சர் துணியைக் கையில் வாங்கியதும் திருப்பித்தான் பார்ப்பாராம். முன்பக்கத்துக்கு மார்க்கே கிடையாது. முடிச்சு இருந்தால் பிரம்பு. பின்பக்கம் ஒழுங்காக இருக்கிறவள் வீட்டையும் ஒழுங்காக வைத்துக்கொள்வாள் என்பது டீச்சரின் சித்தாந்தம். நான் ஒளித்துவைக்கப்பட்ட கையெழுத்து என்று நினைத்துக்கொண்டிருந்தது அம்மாவுக்குப் பரீட்சைத் தாள். தோற்ற பரீட்சையின் தாளைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுவேன் என்கிறேன்.

எனக்கு அதில் அவமானமாக எதுவும் தெரியவில்லை அம்மா, எனக்கு அதுதான் அழகு என்றேன்.

“உனக்குத் தெரியாது. போட்டவளுக்குத் தெரியும்,” என்றார். பிறகு சுவரில் இருந்த மற்றவர்களைக் காட்டி, “இவளுவகிட்டயெல்லாம் கேட்டியா?”

இதற்கு என்னிடம் பதில் உண்டு, இப்போதும் உண்டு. நூல் தீர்ந்துபோனது அவர்கள் தப்பில்லை. அவசரப்படுத்தியதும் அவர்கள் இல்லை. அதை மறைத்தே வைத்திருந்தால் டீச்சர் போட்ட மார்க்தான் கடைசி மார்க்காக நிற்கும். வாதமாக இது நிற்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் போட்டவள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொங்கோலிலும் சுங்கை ரோட்டிலும் வாங்கியவற்றின் முன்னால் அதைச் சொல்வது சுலபமாக இருந்ததற்குக் காரணம், போட்டவர்கள் எதிரே இல்லை என்பது.

அடுத்த சனிக்கிழமை அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாச் சட்டங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அசல் தையல் டீச்சர் மாதிரி. “இவ பரவால்ல, சுத்தமா போட்டிருக்கா. இவளுக்குச் சங்கடமில்ல, திருப்பியே இருக்கட்டும்.” அடுத்தது. “இவ பாவம்.” பாவப்பட்டவர்களையெல்லாம் முகம் காட்டித் தொங்கவைத்தார். சாம்பல் மேகத்துக்காரி, இடக்கைக்காரி, எட்டுக் குதிரைக்காரி. நான்காவதாக மயில்.

ஏழுக்கு நாலு என்ற கணக்கு அப்படி வந்தது. எனக்கு மிகவும் பிடித்த நான்கு பின்பக்கங்களும் இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. காட்டத் தகுந்தது என்று அம்மா தேர்ந்தெடுத்த ஏழில் பார்க்க அவ்வளவாக ஒன்றுமில்லை, நேர்த்தியான கோடுகள். கீல் மட்டும் எல்லாச் சட்டத்திலும் இருக்கிறது. அம்மா சந்தைக்குப் போகும் நேரத்தில் நான் என்ன செய்கிறேன் என்பது எனக்கும் சுவருக்கும் இடையிலான விஷயம்.

பொங்கோல் பையில் வந்த பியோனி பாதிதான் முடிந்திருக்கிறது. ஊசி கேன்வாஸிலேயே குத்தியபடி துருவேறி இருந்தது. தையலில் ஊசியை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று அம்மா முதலில் அதை எடுத்துக் குப்பையில் போட்டார். எடுத்த இடத்தில் பழுப்பாக ஒரு புள்ளி. இளஞ்சிவப்புக் கம்பளி தேடிச் சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் சென்டரில் இரண்டு ஞாயிறு அலைந்தேன். கடைக்கார ஆன்ட்டி “ஃபார் யுவர் வைஃப்?” என்றார். “ஃபார் மை மதர்,” என்றேன், அன்றைக்கு அது உண்மையாகவும் இருந்தது. சரியான நிறம் கிடைக்கவில்லை, பக்கத்து நிறம்தான் கிடைத்தது.

சீனத்து மாமியார் அரைக் குறுக்கில் போட்டிருக்கிறார். “கெட்டிக்காரி, நூலை எப்படி மிச்சம் பிடிச்சிருக்கா பாத்தியா,” என்று அம்மா சொன்னார். ஆனால் தான் போடும்போது கான்டினென்டல்தான் போடுகிறார். எனக்குத் தெரிந்த பேரை நான் சொன்னேன், அம்மாவுக்கு அது ‘நெறஞ்ச தையல்’. நூல்தான் இப்ப வாங்கிக்கலாமே என்கிறார். இரவு எட்டரைக்கு சீரியல் ஓட ஆரம்பித்தால் ஊசி எடுப்பார். நேற்றோடு மூன்றாவது இதழ் முடிந்தது. விளம்பர இடைவேளைகளில் துணியைத் திருப்பி, அந்தம்மா விட்டிருந்த இடத்தையும் தன் இடத்தையும் விரலால் தடவிப் பார்த்துக்கொள்கிறார்.